ஈரக்கால் ஆட்டம்

நைனா,

நீ கடப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு வாத்தியாராகப் போய் இன்றோடு நான்கு நாள் ஆகிறது. ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு தோளில் பந்துகள் போட்ட வலை, கக்கத்தில் சுருட்டிய பாய் என்று திருப்போரூர் பஸ் நிலையத்தில் நீ நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, கண்டக்டர் "இன்னா சார், பந்து மட்டும் வந்துகினு கீது, டீம் எங்க?" என்று கேட்டார். நீ சிரித்தபடி ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, ஏழாங்கிளாஸ் எட்டாங்கிளாஸ் பசங்கள ஆசையா ஓட வெக்கிறது எப்பிடி? காலேஜ்ல எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, அது ஒண்ணத் தவிர." நான் அவசரத்தில் "விசில் ஊது, ஓடுவாங்க" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு நடந்து வருவதற்குள்ளேயே நான் சொன்னது தப்பான பதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் கிளினிக்கில் நர்சாக இருந்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வலிக்காது வலிக்காது என்று சொல்லிப் பழகிய வாய் இது. அவசரத்தில் அப்படித்தான் பேசும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ போன் செய்து, முதல் நாள் எட்டாம் வகுப்பில் பதினான்கு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்துவிட்டது என்று சொன்னபோது உங்கப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு, அந்த வயிற்றுவலியை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது. உனக்குப் பன்னிரண்டு வயதில் நம் வீட்டில் அது கொஞ்ச நாள் குடியிருந்தது. அந்தக் கதையை நாம் இருவரும் துண்டு துண்டாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோமே தவிர, முழுதாக உட்கார்ந்து பேசியதில்லை. முழுதாகப் பேசினால் அதில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன் என்பதுதான் காரணம். இப்போது உன் முன்னால் ஒரு வகுப்பே உட்கார்ந்திருக்கிறது. எனவே சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பில் நீ குண்டாக இருந்தாய். அதைப் பற்றி உனக்கு ஒன்றும் கவலை இல்லை, கவலையெல்லாம் எனக்குத்தான். என் அப்பா, இரண்டு மாமன்மார் எல்லாருக்கும் சர்க்கரை. காலில் கட்டுப்போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். ஒரு காதுகுத்தில் யாரோ உன் கன்னத்தைக் கிள்ளி "இவனுக்கு எந்தக் கடையில அரிசி?" என்று கேட்டதும், மறுநாளே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் நீ கிளினிக்குக்கு வரவேண்டும், எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறவேண்டும். எனக்கு அது சாதாரண விஷயம். தினம் நூறு பேரை ஏற்றி இறக்குகிற மெஷின் தானே. டோக்கன் கொடுக்கும் செல்வி முள்ளைப் பார்த்து "அம்பத்தாறு" என்று சொல்வாள். நான் மருந்தறையில் இருப்பேன் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் எல்லாரும் உன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். நீ இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவாய். பையன் அடக்கமானவன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தினேனா. படூரில் ஒரு கிரிக்கெட் பயிற்சியில் சேர்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் வாங்கி, பஸ் ஏற்றி அனுப்பினேன். ஆறு வாரம் போனாய். ஆறு வாரமும் உன்னைக் கடைசியாகப் பிரித்து எடுத்து, எல்லைக்கோட்டில் நிறுத்தி, பந்து பொறுக்க விட்டார்கள் என்று நீ சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை துவைக்க வேண்டிய அளவுக்கு அழுக்கே ஆகாததைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் கராத்தே. அங்கே முதல் வரிசையில் நிற்கும் பையன் ஆறு வயதுக் குழந்தை, அவன் உன்னைவிட நன்றாகக் காலைத் தூக்கினான். அதற்கப்புறம்தான் உங்கப்பா களத்தில் இறங்கினார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகியவர், உன்னையும் ஒரு டிரிப் போலவே எடுத்துக்கொண்டார். காலை ஐந்தரைக்கு உன்னைக் கோயில் குளத்தைச் சுற்றி ஓடவிட்டு, பின்னால் மொபெட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். நீ வேகம் குறைத்தால் ஒரு ஹாரன். நின்றால் இரண்டு. டீக்கடைக்காரர் வெளியே வந்து "இன்னாபா, போலீஸ் செலக்‌ஷனுக்கா?" என்று கேட்பாராம். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்களாம். உங்கப்பாவும் பெருமையாகச் சிரிப்பாராம். பதினோராவது நாள் உனக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. காலை ஐந்தேகாலுக்கு வரும், ஏழு மணிக்குப் போய்விடும். நர்ஸ் வீட்டிலேயே அந்த நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மே மாதம் உன்னை மகாபலிபுரத்தில் என் தங்கை கலா வீட்டுக்கு அனுப்பினேன். கலாவின் மகள் தீபா உன்னைவிட ஒரு வயது பெரியவள். காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் அவனை நடக்க வை என்று கலாவிடம் சொல்லித்தான் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் நானே கிளம்பி வந்தேன். கலா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "உன் புள்ள எங்க வூட்ல எங்க கீறான்? காலைல நாஸ்தா துன்னுட்டுப் போனா, பசிச்சாதான் வர்றான். சவுக்குத் தோப்புக்குப் பின்னால பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஈர மணலில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், பையன்களும் பெண்களுமாக. தீபா பாவாடையை இழுத்துச் செருகியிருக்கிறாள். நீ சட்டையில்லாமல், முழங்கால் வரை மணல் அப்பிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். நான் சவுக்கு மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். உன்னிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அது நீங்களாகக் கண்டுபிடித்த ஆட்டம். ஈரக்கால் என்று பெயர். அலை திரும்பிப் போகும்போது அதன் பின்னாலேயே இறங்கி ஓடி, எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே குதிகாலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அடுத்த அலை காலைத் தொடுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். கால் நனைந்தவன் கடல் கட்சி. கடல் கட்சிக்காரர்கள் கைகோத்து நின்று, திரும்பி ஏறுகிறவர்களை மறிக்க வேண்டும். நனைய நனைய அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். கடைசியில் எல்லாருமே கடல் கட்சி ஆனதும் ஒரே கூச்சல், உடனே அடுத்த ஆட்டம். அதில் அவுட் என்பதே கிடையாது. தோற்றவன் போய் ஓரமாக உட்கார வேண்டியதில்லை. அடுத்த கட்சியில் அவனுக்கு வேலை காத்திருக்கிறது. நீ வேகமாக ஓடுகிறவன் இல்லை. ஆனால் எந்த அலை பெரியது, எது பாதியில் செத்துப்போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ "இப்போ" என்று சொன்னால்தான் மற்றவர்கள் இறங்கினார்கள். கடல் கட்சிக்கு வந்துவிட்டாலோ உன் கையைப் பிடித்துக்கொள்ளப் போட்டி. உன்னைத் தாண்டி எவனும் மேலே ஏற முடியவில்லை. எந்த உடம்புக்காக உன்னைப் பந்து பொறுக்க விட்டார்களோ, அதே உடம்பு அங்கே எல்லாருக்கும் தேவைப்பட்டது.

படகு நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் நான் ஒளிந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். "பயப்படாதம்மா. முட்டிக்கு மேல தண்ணி வந்தா ஆட்டம் க்ளோஸ். அவங்களே போட்ட ரூலு. நானும் ஒரு கண்ணு வெச்சுகினுதான் கீறேன்" என்றார். "எவ்ளோ நேரமா ஆடறாங்க?" என்றேன். "எட்டு மணிக்கு வந்தாங்க. நான்தான் டயர்டா ஆயிட்டேன்" என்றார். அப்போது மணி பத்தரை.

அங்கேயிருந்து சத்தமில்லாமல் திரும்பிப் போயிருந்தால் நான் நல்ல அம்மா. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. தோப்பிலிருந்து வெளியே வந்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "பாத்தியாடா, உன்னால ஓட முடியுது. தினம் இதே மாதிரி ரெண்டு மணி நேரம் ஓடினா லீவு முடியறதுக்குள்ள அஞ்சு கிலோ குறைஞ்சிடும்" என்றேன். தீபாவைக் கூப்பிட்டு, "ஒரு நாளும் விடாம ஆட வெக்கணும், சரியா?" என்று பொறுப்பும் கொடுத்தேன். பாராட்டுவதாகத்தான் நினைத்தேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரு நொடி உன் வயிற்றைப் பார்த்தார்கள். நீ மணலில் கிடந்த சட்டையை எடுத்து, உதறக்கூட உதறாமல், போட்டுக்கொண்டாய். பொத்தானை ஒவ்வொன்றாகக் கழுத்து வரை போட்டாய்.

மறுநாள் நீ போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. கலா போன் செய்தாள். "இன்னா சொல்லிட்டுப் போன நீ? டிவி முன்னாடி உக்காந்துகினு எழுந்திருக்கவே மாட்டேங்கறான். வயித்த வலிக்குதாம்." நான் உன்னிடம் கொடு என்றேன். நீ பேச வரவில்லை. தீபாதான் போனை வாங்கினாள். பதின்மூன்று வயதுப் பெண், ஆனால் பேச்சில் தயக்கமே இல்லை. "பெரிம்மா, நீங்க திட்டினாலும் பரவால்ல, சொல்றேன். அம்மா அந்த ஆட்டத்த மாத்திரை மாதிரி ஆக்கிட்டாங்கன்னு சொல்றான். எங்களுக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி யாரும் அவன் தொப்பையப் பாக்கவே இல்ல." நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஒரு பெரியவள் ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவள், "நின்னுகினு பாக்காதீங்க. வேணும்னா வந்து ஆடுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு லீவு சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கூப்பிடவில்லை. நேராகத் தோப்புக்குப் பின்னால் போய், சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோயிலைப் பார்க்க வந்த டூரிஸ்ட் குடும்பம் ஒன்று கடலில் கால் நனைக்க அங்கே நின்றிருந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்ததும், என் வயிறு, என் கெண்டைக்கால், என் மூச்சு, எல்லாம் எனக்கே பெரிதாகத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் கிளினிக் பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. சனிக்கிழமைதோறும் உன்னை எங்கே ஏற்றி நிறுத்தினேன் என்று அப்போதுதான் புரிந்தது, நைனா.

முதல் அலையிலேயே நனைந்தேன். இரண்டாவது ஆட்டத்திலும் முதல் ஆள் நானே. மூன்றாவதில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன், அலை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கி, கடல் கட்சியில் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். யாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. தீபா வீட்டுக்கு ஓடி, "குமாரு, உங்கம்மா கடல்ல உக்காந்துகினு கீறாங்க, வந்து பாரு" என்று சொல்லியிருக்கிறாள். நீ வந்து கரையில் நின்றாய். கைகட்டி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டபடி. நான் உன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. இரண்டு ஆட்டம் பார்த்துக்கொண்டே நின்றாய். மூன்றாவதில் நான் இறங்கப் போனபோது, பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "அம்மா, அது பெரிய அலை. விடு. அடுத்தது போ." நின்றேன். பெரிய அலைதான் வந்தது. அடுத்ததில் இறங்கி, கோணலாக ஒரு கோடு கிழித்து, கால் நனையாமல் மேலே வந்தேன். நீ சட்டையைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு இறங்கினாய்.

அன்று சாயங்காலம் உன்னையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய திருப்போரூர் பஸ்ஸில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை மெஷின் இனிமேல் வேண்டாம் என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "மெஷின் பரவால்லம்மா. செல்வி அக்கா கத்தறதுதான் பேஜாரு" என்றாய். ஒரு வருஷம் முழுக்க நான் முள்ளைப் பார்த்தேன், நீ அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். உங்கப்பா மொபெட் ஹாரனை நிறுத்திவிட்டார். நீ இஷ்டப்பட்டதை ஆடலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று சொல்லிவிட்டோம். நீயும் சொன்னபடியே செய்தாய். சைக்கிள், ஷட்டில், கோகோ என்று நான்கைந்தைப் பிடித்து நான்கைந்தையும் விட்டாய். ஒவ்வொன்றை விடும்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் வாழ்நாள் சாதனை. கடைசியில் கபடியில் போய் நின்றாய். பிடித்தால் விடாத கை என்று பெயர் வாங்கினாய். நீ ஒல்லி ஆகவே இல்லை. இன்றைக்கும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் என்று சொன்னால் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும். உன் வகுப்பில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, உன்னைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வரும்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். கட்சி பிரிக்கும்போது கடைசியாக நிற்கப்போகிறவன் யார் என்று முதலிலேயே பார்த்துவிடு. அந்த நிலை வருவதற்கு முன்னால் வேறு மாதிரி பிரித்துவிடு. தோற்றவனை உட்கார வைக்கிற ஆட்டத்தைக் குறைத்துக்கொள், ஆட்டம் தேவைப்படுகிறவனே அவன்தான். ஹோம்வொர்க் செய்யாதவனைக் கிரவுண்டைச் சுற்றி ஓடச் சொல்லும் பழக்கம் அங்கேயும் இருக்கும். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை ஆசையாகச் செய் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும். வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்காரும் பெண் பிள்ளைகளிடம் எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதே. சிலருக்கு உண்மையிலேயே வலி இருக்கும். சிலருக்கு மதில் மேல் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் வலி. முதலில் மதிலைக் காலி பண்ணு. விதிகளை அவர்களே மாற்றட்டும், நீ பாதுகாப்புக்கு ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள். முடிந்தால் நீயும் இறங்கி ஆடு, ஆடித் தோற்றுப் போ. உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவிடாதே. நல்லதுதான், சத்தியமாக நல்லதுதான், நர்ஸ் சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு அது காரணமே இல்லை. கணக்கு டீச்சர் வந்து, பரீட்சை வருது, உன் பீரியடைக் கொடு என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நீயும் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிடு.

இன்னொன்றும் எழுதவேண்டும். போன மாசி மாதம் எனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். புது ஷூ வாங்கி மூன்று நாள் நடந்துவிட்டு நிறுத்திவிட்டேன். நீ அப்போது வேலைக்குக் காத்திருந்து வீட்டில்தான் இருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, "கொத்தமல்லி வாங்கணும், வாம்மா" என்பாய். அடுத்த நாள் தேங்காய். மறுநாள் உன் சட்டைக்குப் பொத்தான். கடைக்குப் போகிற வழியில் காலேஜ் கதை ஒன்றை ஆரம்பிப்பாய். அது முடிவதற்குள் நாம் நான்கு மாட வீதியையும் இரண்டு முறை சுற்றியிருப்போம். நம் வீட்டில் கொத்தமல்லி அழுகிக் கிடந்த நாட்களில்கூட எனக்கு விஷயம் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம், ஆறு மணி ஆனதும் என் கால் தானாக வாசலுக்குப் போயிற்று. என்ன வாங்க என்று யோசித்தால் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் மூன்று மாதமாக நீ என்னை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தெரிந்தது. வாசலிலேயே நின்று சிரித்தேன்.

எதிர் வீட்டுப் பாத்திமா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தனியா நின்னு சிரிச்சுகினு கீறீங்க, புள்ள இல்லியா?" என்றார். அவருக்கும் முட்டிவலி, நான்தான் கிளினிக்கில் ஊசி போடுகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "உங்க மருமக ஊர்லேர்ந்து வந்துட்டாளாமே, இன்னா சமாச்சாரம்?" என்று கேட்டேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கினார். அந்தச் சமாச்சாரம் தேரடி வரை வந்தும் முடியவில்லை. மூன்று நாளாக நடந்துகொண்டிருக்கிறோம், இன்னும் மருமகளின் வளைகாப்பு வரைக்குமே வந்திருக்கிறது. மணி ஆறு ஆகிறது. வெளியே அவர் குரல் கேட்கிறது, கூட இன்னும் யாரோ பேசுகிற மாதிரியும் இருக்கிறது. பேனாவை மூடிவிட்டுச் செருப்பு மாட்டப் போகிறேன்.

அம்மா